வேலை போய் ஊர் திரும்பிய கலைக்காரருக்கு: ராமநாதபுரம் கரையில் முதல் ஒரு வருஷம்

வேலை போய் ஊருக்கு வந்தால் முதல் கேள்வி வீட்டிலிருந்து வராது, டீக்கடையிலிருந்துதான் வரும். "என்ன தம்பி, லீவா?" ஒரு வாரம் "ஆமாண்ணே" என்று சமாளிக்கலாம். பத்தாம் நாள் அதே ஆள் கிளாஸை ஆற்றிக்கொண்டே, "லீவு நீளமா இருக்கே" என்பார்.

சென்னையில் ஒரு டிசைன் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் டீமையே மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கச்சிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கையில் ஒரு பை, இரண்டரை மாதச் செலவுக்குக் காசு, "மனசுக்குப் பிடித்த வேலைதான் இனி" என்ற வீறாப்பு. மூன்றில் முதலில் தீர்ந்தது வீறாப்பு. அந்த வருஷம் செய்த தப்புகளையும், தப்பித்தவறிச் சரியாகச் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் படம் வரைகிறவர், எழுதுகிறவர், கேமரா பிடிக்கிறவர், பாடுகிறவர், கைவேலை தெரிந்தவர் யாராவது வேலை இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக.

முதல் பத்து நாள்: காகிதம்

சலிப்பான வேலை, ஆனால் முதலில் முடிக்க வேண்டியது. பழைய கம்பெனியிடம் பணிவிடுப்புக் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வாங்கிவிடுங்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் இப்போதைய செல்போன் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், நீங்கள் செய்த வேலைகளை வெளியே காட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மெயில் போடுங்கள். சம்பளத்துக்கு இருந்தபோது செய்த வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்குத்தான். எனக்கு அது தெரியவில்லை. ஆறு வருஷ வேலை அவர்கள் சர்வரிலேயே நின்றுவிட்டது; ஊரில் காட்ட என்னிடம் ஒரு பேப்பர்கூட இல்லை.

ராமநாதபுரத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. பதிவு பழசாக இருந்தால் புதுப்பித்துவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். வேலையில்லாதோர் உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்தவருக்குத்தான் அது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கும்போது போய் வாருங்கள். கலை வேலை கிடைப்பது அபூர்வம், என்றாலும் நாலு பேர் பழக்கமாவார்கள்.

பிறகு ஒரு நோட்டு எடுத்து, கையில் இருக்கும் காசை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் உங்கள் பொறுமையின் நீளம். எனக்கு இரண்டரை வந்தது. அம்மா சமைப்பதால் மூன்றரையாக இழுத்தேன்.

அரிசி வேலை, ஆசை வேலை

அதே நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் அரிசி வேலை: இந்த மாதம் காசு தரக்கூடியது. வலப்பக்கம் ஆசை வேலை: காசு வராவிட்டாலும் செய்வேன் என்பது. வேலை தேடும்போது நாம் செய்கிற பெரிய தப்பு, இரண்டையும் ஒரே வேலையில் தேடுவது. முதல் நாளே கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சோர்ந்து, கடைசியில் எதையும் செய்யாமல் பாம்பன் பாலத்தில் போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நான் நின்றிருக்கிறேன். நல்ல காட்சிதான், ஆனால் வயிறு நிறையாது.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். என்ன காசு வந்தது. வேலை செய்யும்போது எத்தனை தடவை செல்போனை எடுத்து மணி பார்த்தேன். இந்த இரண்டாவது வரியை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் பெருமை உண்டு. ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், ஆசை வேலை என்று நான் எழுதி வைத்த லோகோ டிசைனில் பதினைந்து தடவை மணி பார்த்திருக்கிறேன். அரிசி வேலை என்று முனகிக்கொண்டு போன படகு எழுத்தில் ஒரு தடவைகூட இல்லை.

கரையின் காலண்டர்

இந்த ஊரில் மாதச் சம்பளக் கலை வேலை மிகக் குறைவு. சீசன் வேலை நிறைய. எனவே வருஷத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரு மாதம் முன்கூட்டியே கேட்கப்படும் வேலைகள். திருவிழா அன்று போய் நின்றால் பொங்கல்தான் கிடைக்கும்.

கார்த்திகையில் ஆரம்பித்து தை வரை சபரிமலை போய்வரும் ஐயப்ப பக்தர்கள் ராமேஸ்வரத்துக்கு வண்டி வண்டியாக வருவார்கள். தை அமாவாசை, மாசியில் சிவராத்திரி, பிறகு ஆடி அமாவாசை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் மட்டுமில்லை, சேதுக்கரையும் தேவிபட்டினமும் நிரம்பி வழியும். லாட்ஜ், ஓட்டல், வழிகாட்டிப் பலகை, தெலுங்கிலும் இந்தியிலும் எழுதத் தெரிந்த கை எல்லாம் அப்போது வேண்டும். இந்தி எழுத்தை ஒழுங்காக எழுதப் பழகிக்கொள்ளுங்கள். தப்பாக எழுதிய இந்திப் பலகைகளைத் திருத்துவதிலேயே ஒருவர் இங்கே பிழைக்கலாம்.

மாசி, பங்குனி வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும். டிசம்பரில் பாம்பன், தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வேலை: தெர்மாகோல், சாக்கு, களிமண், விளக்கு. ஏர்வாடி சந்தனக்கூடு இஸ்லாமிய மாதக் கணக்குப்படி வருவதால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருஷத் தேதியை வைத்துக்கொண்டு இந்த வருஷம் போய் நிற்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிவேலை படுத்துவிடும். அந்த இரண்டு மாதத்தை வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு வையுங்கள்: காலண்டர், அழைப்பிதழ், மாதிரி ஆல்பம். மே மாதம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. ஒரு திண்ணையும் பத்துப் பிள்ளைகளும் போதும். பிள்ளைகள் வாங்கும் கலர் பென்சில் எல்லாம் மணலில்தான் போகும், அதையும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வகை வாடிக்கையாளரை நம்பாதீர்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில் மண்டபத்தோடு சரி. ரயிலில் வருகிறவர்களை மட்டும் நம்பிக் கடை வைத்தவர்கள் அந்த இரண்டு வருஷத்தை எப்படித் தள்ளினார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலண்டரில் எனக்குச் சோறு போட்ட பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அத்தனை படகும் கரையேறும், மராமத்து நடக்கும், பெயிண்ட் அடிப்பார்கள். பெயரும் பதிவெண்ணும் புதிதாக எழுத வேண்டும்.

படகில் எழுதுவது

முதல் தடவை நான் லேப்டாப்போடு போனேன். சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஒருவரிடம் படகுப் பெயரை ஆறு விதமாக டிசைன் செய்து காட்டினேன். நிழல், வளைவு, தங்க நிறம். பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் தம்பி இருக்கு. ரெண்டு படகு தள்ளி நிக்கிறவனுக்கு இது வாசிக்க வருமா?" என்றார். அன்றைக்கு மூடிய லேப்டாப்பைப் படகு வேலைக்கென்று நான் மறுபடி திறக்கவில்லை. ஆறு வருஷ டிசைன் மீட்டிங்கில் யாரும் கேட்காத கேள்வி அது.

வேலையின் வரிசை இப்படி. பலகையை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கடல் தண்ணீர் கூடாது, குழாய்த் தண்ணீர்தான். ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ப்ரைமர் ஒரு கோட். அது ராத்திரி முழுக்கக் காய வேண்டும். மறுநாள் நூலில் சாக்பொடி தடவி இரண்டு பேர் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதற்குள் சாக்கால் எழுத்தை வரைந்துவிட்டு, இறங்கி இருபது அடி பின்னால் போய்ப் பாருங்கள். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்புறம், பலகை மேல்நோக்கி வளைவதால், கிட்டே நேராகத் தெரிகிற எழுத்து தூரத்திலிருந்து பார்த்தால் சறுக்கி விழுவதுபோல் தெரியும். அந்த இடத்தில் கோட்டைக் கண்ணுக்குத் தக்கபடி கொஞ்சம் ஏற்ற வேண்டும். எவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது. ஏற்றி, இறங்கிப் பார்த்து, அழித்து, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். பிறகு எனமல் இரண்டு கோட்.

கழுவுகிற அந்த முதல் வேலையை நான் என் மூன்றாவது படகில் அவசரத்தில் விட்டுவிட்டேன். உப்பு ப்ரைமருக்கு அடியில் இருந்தால் ஈரத்தை இழுத்துக் கொப்பளம் போடும், கொப்பளம் உடைந்தால் பெயிண்ட் சில்லாகப் பெயரும். ஜூலையில் அந்தப் படகு கரைக்கு வந்தபோது 'புனித அந்தோணியார்' என்று நான் எழுதியதில் 'ணி' மட்டும் உதிர்ந்து, 'புனித அந்தோ யார்' என்று நின்றது. துறை முழுக்கச் சிரித்தது. காசு வாங்காமல் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பில்தான் என் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

பெயரை உங்கள் கைக்கு வந்தபடி அழகாக எழுதலாம். ஐஎன்டி டிஎன் என்று தொடங்கும் பதிவெண்ணில் மட்டும் கைவண்ணம் காட்டக் கூடாது. தடித்த எழுத்து, தெளிவான இடைவெளி. கடலில் சோதனைக்கு வருகிறவர் வாசிக்க வேண்டியது அது.

மற்ற சில கதவுகள்

கீழக்கரைக் கல்யாணங்களில் மருதாணி போடுவதற்கும் அழைப்பிதழ் எழுதுவதற்கும் நல்ல கை தேடுகிறார்கள். பெண்களுக்கு இது நிலையான வழி. ஒரு வீட்டு லாத்தாவுக்கு (அக்காவுக்கு) பிடித்துப்போனால் தெருவே கூப்பிடும். அரபு எழுத்து அழகாக வருகிறவர்கள் தனியாக மதிக்கப்படுகிறார்கள்.

சாயல்குடி பக்கம் பனை நிறைய. ஓலைக் கொட்டான், பெட்டி முடைகிற பெண்களிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கற்பதற்குக் காசு கொடுங்கள். அவர்கள் டிசைனை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டிசைன் என்று விற்காதீர்கள்.

சிப்பி, சங்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 21 தீவுகளைக் கொண்டது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சிப்பிகள் எல்லாம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் வழக்கு வழக்குதான். எந்தச் சிப்பி கூடும், எது கூடாது என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

கேமராக்காரர்களுக்கும் அதே மாதிரி ஒன்று. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. ட்ரோனைப் பறக்கவிடுவதற்கு முன் விமானப் போக்குவரத்துத் துறையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அரிச்சல்முனையில் கல்யாண ஜோடியை ட்ரோனில் எடுக்கப்போய் ஸ்டேஷனில் உட்கார்ந்த கதைகளை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ட்ரோன் இல்லாமலே எடுக்க நிறைய உண்டு: குளிர்காலத்தில் தனுஷ்கோடி பக்கம் பூநாரைகள், அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும் காரங்காடு. அங்கே படகுச் சுற்றுலாவை வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

குரல் இருப்பவர்கள், எழுத வருகிறவர்கள் பாம்பன் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டுப் பழகுங்கள். 2016-ல் மீனவர்களுக்காகத் தொடங்கியது. கரைப் பேச்சை அப்படியே ஒலிபரப்பலாம் என்று எனக்குப் புரிய வைத்தது அதுதான்.

காசு பேசுவது

இதில் நான் வாங்கிய அடி பெரியது. ஒரு லாட்ஜில் வரவேற்பறைச் சுவர் முழுக்கத் தனுஷ்கோடி வரைந்தேன்: 1964 புயலில் சிதைந்த தேவாலயம், மணல், வலை இழுப்பவர்கள். பதினோரு நாள் வேலை. பாதிக் காசு கொடுத்தார்கள், மீதி "சீசன் முடியட்டும் தம்பி". சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் முடிந்தது. பிறகு ஒருநாள் அந்தச் சுவர்ப்படத்தை அவர்கள் துணிப்பையில் அச்சடித்துக் கொடுப்பதைப் பார்த்தேன். சண்டை போடலாம் என்று விசாரித்தால், பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கும், எடுக்கவைத்த போட்டோவுக்கும், எதிரான ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தானாம். என்னிடம் ஒப்பந்தம் என்று ஒன்றுமே இல்லை.

ஆகவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம், படத்தை வேறு எதிலும் அச்சடிக்க வேண்டுமானால் தனிக் காசு. தமிழிலேயே எழுதலாம். இரண்டு பேரும் கையெழுத்து. அதற்கு முகம் சுளிப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அதே வரிகளை அனுப்பி, "சரிண்ணே" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தூரிகையைத் தொடும் முன் பாதிப் பணம். கேட்க வாய் கூசும். பெயிண்ட் கடைப் பில்லை நீட்டினால் கூசாது.

விலை எப்படிப் போடுவது? பொருள் செலவு, பஸ், சாப்பாடு. அதற்கு மேல் அந்த ஊரில் ஒரு கொத்தனார் நாள்கூலி என்னவோ, அதற்குக் குறையாமல் உங்கள் நாள்கூலி. கொத்தனாருக்குக் குறைவாக வாங்கும்போது கலைக்காக என்று நினைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அப்படி நினைப்பதில்லை, மலிவு என்றுதான் நினைக்கிறார்.

அரசுத் திட்டம், கடன்

ஆறு மாதம் வேலை செய்து, நோட்டில் எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்த பிறகு போங்கள். அதற்கு முன் கடன் வாங்கினால் தவணை கட்டுவதே தொழிலாகிவிடும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். ஆயிரம் ரூபாய் கேட்கிறவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: கூடை முடைதல், படகு கட்டுதல் உட்பட 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீத மானியம், 50,000 ரூபாய்க்கு மிகாமல். விண்ணப்பமும் விவரமும் ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில். போகும்போது வேலைகளின் போட்டோவைப் பிரிண்ட் போட்டு ஒரு ஃபைலில் கொண்டுபோங்கள். செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டினால் மேசைக்கு அந்தப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

யாரை நம்பக்கூடாது

வேலைக்கு முன்பணம் கேட்கிறவர் எவரையும். "வீட்டிலிருந்தே டைப்பிங், டிசைன், பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வரும் செய்தியை அழித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

நம் மாவட்டத்தில் வெளிநாடு என்பது பக்கத்துத் தெரு மாதிரி, அதனால் ஏஜெண்ட் பேச்சு எளிதில் எடுபடும். தாய்லாந்தில் கிராபிக் டிசைன் வேலை, சுற்றுலா விசாவில் வா என்றால் போகாதீர்கள். அப்படிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும்.

உங்களுக்கென்று ஒன்றரை மணி நேரம்

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய என்று வீட்டில் நினைப்பார்கள். ரேஷன், கரண்ட் பில், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் உங்கள் தலையில் விழும். போய்ச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் காலையில் ஒன்றரை மணி நேரத்தை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். நான் ஐந்திலிருந்து ஆறரை வரை வரைகிறேன். முதல் மாதம் அம்மா, "விடியறதுக்குள்ள என்னடா கிறுக்கல்?" என்றாள். இப்போது அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால், "வேலையா இருக்கான்" என்கிறாள்.

இந்த ஏப்ரலுக்குள்

படகு எழுத்தில் இறங்க நினைப்பவர்கள் மார்ச் கடைசி வாரத்திலேயே துறைக்குப் போய்ச் சம்மாட்டிகளைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும்; மற்ற நாள்களில் ஆள் கரையில் இருப்பார். தடை தொடங்கிய பிறகு போனால் வேறு ஆளிடம் சொல்லியிருப்பார்கள். லேப்டாப் வேண்டாம். ஒரு பழைய பலகையில் அவர் படகுப் பெயரை எழுதி எடுத்துப்போங்கள், இருபது அடி தள்ளி வைத்துக் காட்டுங்கள்.

பைக்குள்: தட்டை ப்ரஷ் மூன்று அளவில், உப்புத்தாள், சாக்பொடி, நூல், டர்பென்டைன், பழைய வேட்டித் துணி, இரண்டு பெரிய கேன் நல்ல தண்ணீர். காலை ஆறரைக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். வைகாசியில் பத்து மணிக்குக் கச்சான் காற்று எழுந்துவிடும். அதற்குள் இரண்டாவது கோட் காயவில்லையென்றால் எழுத்து முழுக்க மணல் ஒட்டிவிடும்.